முள் இல்லாத செடிமேல் விழுந்த பழி

குளத்தங்கரைக் காட்டில் ஒரு முயல்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. ஏதோ ஒரு பழத்தைத் தின்றிருந்தது. தாய் முயல் அழுதது.

குரங்கு மரத்தைவிட்டு இறங்கியது. காட்டில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் வாய் திறப்பது அதுதான்.

"மணத்தக்காளிதான். கறுப்புப் பழம் விஷம்னு தெரிய வேண்டாமா?" என்றது.

குட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் விசாரணை!

காட்டுப்பன்றிக்கு ஆள் போனது. அந்தக் காட்டில் எதைத் தோண்டுவதென்றாலும் பன்றியைத்தான் கூப்பிடுவார்கள். எதற்கு என்று அது கேட்காது. மூக்கை மண்ணில் வைத்தால் வேரோடு புரட்டிவிடும். கரையிலிருந்த மணத்தக்காளிச் செடிகளெல்லாம் மல்லாந்து விழுந்தன. ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அதன்மேல் கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. இந்தக் கோடையில் அதன் குஞ்சுகளுக்கு அந்தப் பழத்தை விட்டால் வேறு இரை கிடையாது.

"நகரு," என்றது பன்றி.

"மாட்டேன். என் பிள்ளைங்க காலையிலகூட இதைத்தான் தின்னுச்சுங்க. யாரு விஷம்னு சொன்னது?"

"குரங்கு."

"குட்டியைக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அத்தனை பேர் கூடி நின்றும், வலியில் கிடந்த குட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

குருவி குட்டியிடம் பறந்து போனது. "கண்ணு, நீ தின்ன பழம் என்ன நிறம்?"

"மஞ்சள். தரையோட படர்ந்திருந்துச்சு. பூ ஊதா. இலையெல்லாம் முள்ளு. மூக்குல குத்திடுச்சு."

முள் இன்னும் மூக்கிலேயே இருந்தது. தாய் முயல் அதைப் பிடுங்கி எறிந்தது. குட்டிக்கு வயிறு கழிந்து, தின்றதெல்லாம் வெளியே போனது. பிறகு மெல்லத் தேறியது.

"அது கண்டங்கத்திரி! மணத்தக்காளியில முள் ஏது?" என்று குருவி கத்தியது.

குரங்கு தோளைச் சொறிந்தது. "ரெண்டும் செடிதானே. ஏதோ குத்துமதிப்பாச் சொன்னேன். இதுக்குப் போய் ஏன் குதிக்கிற?"

"உன் குத்துமதிப்புக்கு என் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

பன்றிக்கும் ரோஷம் வந்தது. "என்னை வச்சு இந்தப் பாவத்தைப் பண்ணிட்டியே. வேர் காயறதுக்குள்ள அத்தனையும் நீயே நடு," என்று குரங்கின் வழியை மறித்து நின்றது.

குரங்கு நட உட்கார்ந்தது. பன்றி கிளறிய மண்ணில் பல செடிகள் கலந்து கிடந்தன. குரங்கு ஒன்றை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. பேந்தப் பேந்த விழித்தது.

"இதுவா?" என்று குருவியைக் கேட்டது.

ஊரையே கூட்டி விஷம் என்று சொன்னதே, அந்தச் செடி எது என்றே அதற்குத் தெரியவில்லை!

"அது வேற. தண்டையும் இலையையும் தடவிப் பாரு, முள் இருக்காது. பூ சின்னது, வெள்ளை. நடுவுல மஞ்சள். காய் பச்சையாக் கொத்துக் கொத்தாத் தொங்கும். பழுத்தா மிளகைவிடக் கொஞ்சம் பெருசாக் கறுப்பா மினுங்கும்."

குரங்கு ஒவ்வொரு செடியாக எடுத்து, "இதுவா, இதுவா" என்று கேட்டுக் கேட்டு நட்டது. குருவி மிச்சமிருந்த செடியில் பழம் பறித்துக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது.

அடையாளம் தெரியாமல் பழி சொல்கிறவன் பேச்சைக் கேட்டு, யாரையும் வேரோடு பிடுங்கக் கிளம்பாதீர்கள்.