கழற்சிக்காய் கட்டிய கால்

மலையடிவாரத்து மடு ஒன்றில் கயலி என்ற நீர்நாய் இருந்தது. முடங்கிப் போன கைகால்களை நீவிவிட்டு, தண்ணீரில் நடக்க வைத்து, மறுபடி ஓட விடுவதுதான் அதன் தொழில். ஒரு காலத்தில் பாறை உருண்டு அதன் வாலையே நசுக்கியது. ஏன் என்று கேட்க நாதியில்லை. மடுவில் புரண்டு புரண்டு, எந்த அசைவு வலியைக் கூட்டும், எந்த அசைவு பலத்தைக் கூட்டும் என்று தானே பட்டுத் தெரிந்துகொண்டது. அதன் விரல்களில் பதம் உண்டு. வாயில்தான் கிடையாது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வந்த வேகத்தில் போயும் விடும்.

அந்த மடுவுக்குத் தணலி என்ற செந்நாய் தன் கணவன் மின்னானை அழைத்து வந்தது. வேட்டையில் மிளா மான் ஒன்று உதைத்து மின்னானின் வலது பின்னங்கால் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் காலை அது தரையில் வைப்பதே இல்லை. மூன்று காலில் தத்தி ஓடப் பழகிவிட்டது. அதில் கொஞ்சம் பெருமை வேறு.

"எனக்கு மூன்றே போதும் அக்கா. இவள்தான் கேட்கவில்லை," என்றது மின்னான்.

கயலி அதன் தொடையைப் பிடித்துப் பார்த்தது. சதை வற்றி, காய்ந்த கொடி மாதிரி இருந்தது.

"சமதரையில் போதும் தம்பி. மேடு ஏறினால் நல்ல காலும் உன்னைக் கைவிடும். அப்புறம் என்ன, வாலை ஊன்றி நடப்பாயா?"

தணலியின் கவலையும் அதுதான். அடிவாரத்தில் புல் காய்ந்துகொண்டிருந்தது. மான்கள் மலைக்கு அந்தப் பக்கம் போகத் தொடங்கிவிட்டன. செந்நாய்க் கூட்டமும் சீக்கிரம் பின்னால் போகும். மின்னானால் ஏற முடியாவிட்டால் தணலி அதை விட்டுப் போகாது. குட்டிகள் தணலியை விட்டுப் போகா. தனியாக வேட்டையாடிப் பிழைக்கிற சாதி அல்ல அவை. குடும்பமே பட்டினியில் சாக வேண்டியதுதான்.

கூலி பேசின. கயலியின் குட்டிகள் வெயில் காயும் பாறைப் பக்கம் இனி எந்தச் செந்நாயும் வரக் கூடாது. அதுதான் கயலி கேட்டது. நீயும் நாய், நானும் நாய், நமக்குள் என்ன கூலி என்று மின்னான் உறவு கொண்டாடிப் பார்த்தது. உறவென்றால்தான் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும் என்று கயலி பிடித்த பிடியில் நின்றது. தணலி சம்மதித்தது.

வேலை தொடங்கியது. காலையில் நீவல். பிறகு வயிறு நனையும் ஆழத்தில் நடை. அதிலும் பேரம்தான். மூன்று சுற்று என்று கயலி சொல்லும். ஒன்று என்று மின்னான் இழுக்கும். இரண்டில் முடியும். கயலி நினைத்திருந்ததும் இரண்டுதான்.

உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கியதால் மடுவுக்குள் மின்னான் நாலு காலையும் ஊன்றியது. கரையேறியதும் வலது காலைத் தூக்கிக்கொண்டது. கால் தேறிவிட்டது, பயம்தான் தெளியவில்லை என்று கயலிக்குப் புரிந்தது.

அது கோலிக்குண்டு போலக் கெட்டியான ஒரு கழற்சிக்காயை எடுத்து, மின்னானின் இடது பின்னங்கால் பாதத்துக்கு அடியில் வைத்துக் கொடியால் கட்டியது.

"அக்கா, அது நல்ல கால்!"

"எனக்குக் கண் இருக்கிறது. நட."

மின்னான் நடந்தது. இடது காலை ஊன்றினால் காய் உறுத்தியது. பொறுக்க முடியாமல் ஒரு கணம் வலது காலைத் தரையில் வைத்தது. திரும்பவும் உறுத்தல். திரும்பவும் வலது கால். கயலியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே அது நாலு காலில் நடந்தது. மாலையில் நானே அவிழ்ப்பேன், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கயலி மீன் பிடிக்கப் போனது.

திரும்பி வந்தால் கட்டு இல்லை. மறுநாள் மறுபடி கட்டியது; அன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நீதான் கழற்றினாய் என்று கயலி மின்னான் மேல் பாய்ந்தது. சத்தியமாக இல்லை, தூங்கி எழுந்தால் காணோம் என்றது மின்னான். அப்போதுதான் கயலி தணலியைப் பார்த்தது. தணலியின் கடைவாயில் கொடி நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கிறதா?"

தணலி தலையைத் தாழ்த்தியது. "அவர் முனகினால் எனக்கு இரை இறங்கவில்லை அக்கா. பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்?"

கயலி கூலியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்று கத்திவிட்டு விருட்டென்று மடுவில் இறங்கியது. பாதி தூரம் போனது. திரும்பி வந்தது.

"இங்கே வா. உன் மூக்கை அவன் தொடைமேல் வை. இந்தப் பக்கம். இப்போது அந்தப் பக்கம்."

தணலி வைத்துப் பார்த்தது. ஒரு தொடை திரண்டிருந்தது. மற்றதில் எலும்பு தட்டியது.

"நீ கொடியைக் கடிக்கும்போதெல்லாம் இந்தச் சதையைத்தான் கடிக்கிறாய்," என்றது கயலி. அதன் குரல் இறங்கியிருந்தது. "முனகல் கேட்கக் கஷ்டமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை நக்கிவிடு. பாடு. என்னைத் திட்டு. கட்டை மட்டும் தொடாதே."

அன்று முதல் தணலி கட்டைத் தொடவில்லை. மின்னான் முனகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு அதன் காதை நக்கியது. கயலியையும் மனதாரத் திட்டியது. நாளாக நாளாக மின்னானின் தொடையில் சதை பிடித்தது. பிறகு காய் இல்லாமலே கால் தரையைத் தேடியது.

கூட்டம் புறப்பட்ட காலையில் மின்னான் கடைசியாக ஏறியது. கயலி மடுக்கரையில் நின்று பார்த்தது. செங்குத்தான இடத்தில் மின்னானின் இடது கால் வழுக்கியது. மேலே நின்ற தணலி இறங்கி ஓட ஓர் அடி எடுத்து வைத்தது. அப்படியே நின்றுவிட்டது. இறங்கவில்லை.

"வலது காலைப் பதித்து ஏறுடா, மடையா!" என்று கயலி தொண்டை கிழியக் கத்தியது.

மின்னான் வலது காலைப் பாறையில் பதித்தது. கால் ஆடியது. தாங்கியது. அதையே உந்தி மேலே போய்ச் சேர்ந்தது. குட்டிகள் அதன்மேல் விழுந்து புரண்டன.

நாம் நேசிப்பவர்கள் படும் சிறு வலியைப் பொறுக்காமல் பிடுங்கி எறிந்தால், அவர்கள் தேறும் வழியையும் நாமே அடைத்துவிடுவோம்.