சுவர்ப்பக்கத்துக் கேரட்

கோத்தகிரியில் ஒரு வீட்டின் முன்னால் கேரட் பாத்தி ஒன்று இருந்தது. பாத்திக்கு ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் வீட்டுச் சுவர். பாத்தி போட்டவர் எபனேசர். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று தெருப்பக்கத்தை முழங்கால் ஆழத்துக்குக் கொத்தி, மண்ணைச் சலித்து மாவாக்கினார். சுவர்ப்பக்கம் வந்தபோது இடுப்பு வலித்தது. இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று மேலாகக் கீறிவிட்டு, ஒரே பாக்கெட் விதையை இரண்டு பக்கமும் தூவினார். மிச்சமிருந்த பாதி பாக்கெட்டை அடுத்த விதைப்புக்கு மடித்து வைத்தார்.

சுவர்ப்பக்கத்தில் முளைத்த ஒரு கேரட், நூல் போன்ற வேரைக் கீழே இறக்கியது. நாலு விரல்கடை போனதும் ஒரு கல்லில் முட்டிக்கொண்டது.

"ஐயா, கொஞ்சம் நகருங்க. நான் கீழே போகணும்."

"நான் எதுக்கு நகரணும்? நீ முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்தே இங்கே இருக்கேன். வேணும்னா சுத்திப் போ," என்றது கல்.

அதற்காகச் சாகவா முடியும்? கேரட் தன் வேரை இரண்டாகப் பிரித்து, கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக இறங்கியது. தோல் உரிந்தது.

"இப்படியா கோணலா வளருவே? வளர்ப்பு சரியில்லை," என்றது கல். வழியை மறித்துப் படுத்திருந்த கல்லின் வாய்க்கொழுப்பைப் பாருங்கள்.

தெருப்பக்கத்து நெட்டைக் கேரட்டும் சேர்ந்துகொண்டது. "முயற்சி வேணும் தம்பி. நாங்கல்லாம் உழைச்சு இறங்கினவங்க."

உழைப்பாம்! சலித்த மண்ணில் சறுக்கி விளையாடிவிட்டு உழைப்பாம்! கேரட்டுக்குத் தழை நுனிவரை எரிந்தது.

"நீயும் நானும் ஒரே பாக்கெட்டுடா. இந்தக் கல்லு உனக்குக் கீழே கிடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எதுக்கெடுத்தாலும் கல்லு கல்லுன்னு புலம்பாதே," என்றது நெட்டை.

அன்றைக்குத்தான் கேரட் முடிவு செய்தது. தன் உருவம் இனி மாறாது. ஆனால் பாக்கெட்டில் மிச்சமிருக்கும் விதைகளும் இதே மண்ணுக்குத்தானே வரும்? அதற்குள் இந்தக் கல் வெளியே போயாக வேண்டும். இரண்டு காலாலும் கல்லைக் கவ்விக்கொண்டது.

"என்னைப் பிடுங்குறப்போ நீயும் வருவே. எபனேசர் உன்னைக் கண்ணால பார்க்கட்டும். யார் மேல தப்புன்னு அப்புறம் சொல்லட்டும்."

மூன்று மாதம் அப்படியே இருந்தது. கால் மரத்துப்போனது. பிடியை மட்டும் விடவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. முதல் விளைச்சலை ஆலயத்தில் காணிக்கையாக வைப்பது அந்த வீட்டு வழக்கம். எபனேசர் பிடுங்கப் பிடுங்க, அவர் மனைவி குணசீலி தழையோடு கூடையில் அடுக்கினாள். நெட்டை முதல் ஆளாகக் கூடை ஏறியது.

சுவர்ப்பக்கத்தில் ஒன்று இழுத்ததற்கு வரவில்லை. எபனேசர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கேரட் வந்தது. காலிடுக்கில் கல்லும் வந்தது.

"பாருங்க ஐயா! நல்லாப் பாருங்க!" என்று கேரட் கூவியது.

"என்னங்க இது, ரெண்டு காலு!" என்றாள் குணசீலி. "நடுவுல கல்லு மாட்டியிருக்கு. அதனாலதான் பிரிஞ்சிருக்கு போல."

"அதே பாத்தி, அதே தண்ணி. அந்தப் பக்கம் எப்படி வந்திருக்கு பார்த்தேல்ல? இது பிறவிக் கோளாறு சீலி. இதைச் சர்ச்சுக்குக் கொண்டுபோனா மானம் போயிரும். பொரியலுக்கு நறுக்கிரு."

குணசீலி கல்லைப் பிதுக்கி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இதையாவது தூரப் போடுங்க."

கேரட் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. எபனேசர் கல்லோடு வேலிவரை போனார். தெரு சுத்தமாகக் கிடந்தது. வாசலில் கல்லைப் போட்டால் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? திரும்பி வந்து, கேரட்டைப் பிடுங்கிய குழியிலேயே அதைப் போட்டார். காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

குணசீலி கேரட்டைக் கழுவிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். அங்கிருந்து பாத்தி தெரிந்தது. எபனேசர் மடித்து வைத்த பாக்கெட்டைப் பிரித்தார்.

"ஐயா, அங்கே போடாதீங்க! கல்லு இருக்கு! நீங்கதானே போட்டீங்க!" என்று கேரட் தொண்டை கிழியக் கத்தியது.

எபனேசர் மூடிய குழியின்மேல் விதையைத் தூவி, தட்டிச் சமன்செய்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சீலி, இதுவும் கோணலா வந்துச்சுன்னா விதைக்கடையை மாத்திரணும்."