செங்கமலத்தின் எட்டு மணித் தண்ணீர்

கூத்தன்குடி ஏரித் தண்ணீரைப் பங்கிடும் பண்ணையார் சிங்காரவேலு, செங்கமலத்தின் வயலுக்கு வாரம் எட்டு மணி நேரம் பாய்ந்த தண்ணீரில் நூற்றுக்கு ஐம்பதைக் குறைத்தார். நெற்பயிர் வாடியது. ஊர் முணுமுணுத்ததும், மிஞ்சிய நாலு மணியோடு நூற்றுக்கு ஐம்பது கூட்டி ஆறு மணி நேரம் விட்டார்.

செங்கமலம் முறையிடப் போனபோது பண்ணையார் நாவிதரிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் குறையுதுங்களே, ஐயா!”

“நூத்துக்கு ஐம்பது எடுத்தேன், நூத்துக்கு ஐம்பது கொடுத்தேன். சரியாப் போச்சு, கிளம்பு!”

“அப்படீங்களா? நாவிதரண்ணே, ஐயா மீசையில வலது பக்கம் மட்டும் பாதியை வெட்டுங்க. மிச்சமிருக்கிறதுல பாதி அளவு வளரட்டும். ரெண்டு பக்கமும் சமமா வந்துட்டா, எனக்கு ஆறு மணி நேரமே போதும்.”

நாவிதர் சிரித்தபடி கத்தரிக்கோலை எடுத்தார்.

பண்ணையார் மீசையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, தன் வேலையாட்களைப் பார்த்து, “எட்டு மணி நேரமும் மடையைத் திறந்து விடுங்கடா!” என்று அலறினார்.