பொன்னுத்தாயி பாராட்டிய கார்

மதுரையில் பழைய கார் விற்கும் தனுஷ்கோடி, வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு காரை மலிவாக வாங்கிப் பளபளப்பாக்கி நிறுத்தியிருந்தார். நர்ஸ் ஜெசிந்தா அதைப் பார்க்க வந்தாள். முதன்முதலாகக் கார் வாங்குகிறவள்.

"பழைய கார் வாங்குறதுக்கு முன்னாடி, அதைக் கழுவுறவங்களை விசாரிக்கணும்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க சார்," என்றாள்.

தனுஷ்கோடி, கார் கழுவும் பொன்னுத்தாயியை ஓரமாக அழைத்தார். "காரைப் பாராட்டி மட்டும் பேசு. ஒரு குறை சொன்னாலும் வேலை போயிடும்."

"சரிங்க முதலாளி."

ஜெசிந்தா கேட்டாள். "அக்கா, இது எங்கேயாவது மோதியிருக்கா?"

"மோதவே இல்லம்மா. தெருவுல நின்ன வண்டிக்கெல்லாம் மேல அலுங்காம மிதந்து வந்துச்சாம்."

தனுஷ்கோடி பலமாக இருமினார்.

"உள்ளே இடம் இருக்கா?"

"தாராளமா இருக்கு. சீட்டுக்கு அடியில கெளுத்தி மீனு குடும்பத்தோட இருந்துச்சுன்னா பாத்துக்கங்க."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பொன்னுத்தாயியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, காரை வாங்காமலே கிளம்பினாள்.

"இனிமே உனக்கு இங்க வேலை இல்ல," என்று தனுஷ்கோடி கத்தினார். கடையிலிருந்த மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னுத்தாயி பணிவாகக் கேட்டாள். "நான் பாராட்டினதுல எது குறைன்னு, இவங்க முன்னாடி சொல்லுங்க முதலாளி. போயிடறேன்."

தனுஷ்கோடி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"போய் அடுத்த வண்டியைக் கழுவு," என்றார்.