பிடியரசியின் விரலில் மருதாணி

உடம்புக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தசை வீட்டின் சுவர் முழுக்கக் கதவுகள். அத்தனையும் எந்நேரமும் ஆவென்று திறந்து கிடக்கும். இரத்தத் தெருவில் வருகிற சர்க்கரையெல்லாம் கேட்பாரில்லாமல் உள்ளே போய்விடும். தசைக்கு என்ன, போட்டால் தின்னும். போதும் என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா?

அந்த வீட்டில் கதவுகளுக்குப் பொறுப்பு பிடியரசி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். பெயரே அதனால் வந்ததுதான். ஒரு விரத நாளில் மாடியிலிருந்து மூளையின் குரல் ஈனமாகக் கேட்டது.

"அடியே பிடியரசி, கண்ணை இருட்டுதுடி. தெருவில இருந்த கொஞ்சத்தையும் உங்க வீடே வழிச்சுத் தின்னாச்சு. சேர்த்துவைக்க எனக்கு ஒரு அலமாரிகூடக் கிடையாதே!"

பிடியரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூளை விழுந்தால் அத்தனை பேரும் விழ வேண்டியதுதான். அவள் யாரையும் கேட்கவில்லை. சுவரிலிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நடுக்கூடத்துக்கு இழுத்து வந்து அடுக்கி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கழற்றிய இடமெல்லாம் வெறும் சுவராக மூடிக்கொண்டது. தெருவில் மிஞ்சியது மாடிக்குப் போக, மூளை கண் விழித்தது.

நல்ல காரியம்தான். ஆனால் விரதம் முடிந்ததும் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் சோறும் பாயசமுமாக ஒரு பிடி பிடித்தார். தெருவில் சர்க்கரை வந்து குவிந்தது. நுழையக் கதவு? ஒன்றுகூட இல்லை. இரத்தம் பாகாகிக்கொண்டிருந்தது. "இவ்வளவையும் நானா வடிகட்டணும்?" என்று சிறுநீரகம் கத்தியது. உள்ளே தசை பசியில் துவண்டது.

கணையத்தின் மகள் இன்சுலின் ஓடி வந்தாள். ஆள் பொடிசு, கெட்டிக்காரி. அடுத்தவர் வீட்டுக்குள் திபுதிபுவென்று நுழைகிற பழக்கம் அவளுக்கு இல்லை. வெளியே நின்றே மணியை அழுத்தினாள்.

"அக்கா, கதவையெல்லாம் திரும்பச் சுவர்ல மாட்டுங்க."

"மாட்டினா மறுபடி மூளை பட்டினி கிடக்கும். போடி, உன் வேலையைப் பார்த்துக்கிட்டு."

"இப்ப தெருவுல எல்லாருக்கும் போக மிச்சம் கிடக்கு."

"இப்ப கிடக்கு. நாளைக்கு?" பிடியரசியின் குரல் இறங்கியது. "உண்மையைச் சொல்லட்டுமா? நானே நினைச்சாலும் இந்த விரல் விடாதுடி."

வேறொருத்தியாக இருந்தால் கதவைப் பிடுங்கப் பார்த்திருப்பாள். இன்சுலின் கேட்டது என்ன தெரியுமா?

"மருதாணி வெச்சுக்கிறீங்களா அக்கா?"

"ஊரே தவிக்குது, உனக்கு மருதாணி கேக்குதா!"

"மருதாணி வெச்ச கை எதையாவது பிடிக்குமா? காயற வரைக்கும்தான். உதிர்ந்ததும் கை உங்களோடது, கதவும் உங்களோடது. தெரு நிறைஞ்சா மட்டும் நான் வந்து மணி அடிப்பேன். அப்ப மறுபடி வெச்சுக்கலாம்."

பிடியரசி மாடியைப் பார்த்தாள். "வெச்சுக்கோடி, நான் தாங்குவேன்" என்றது மூளை.

இன்சுலின் வாசலில் நின்றபடியே நீட்டிய மருதாணிக் கிண்ணம், தசை வீட்டுப் பெண்களிடம் கைமாறிக் கைமாறி உள்ளே வந்தது. கடைசியாக வாங்கியவள், பிடித்த பிடியிலேயே பிடியரசியின் விரல்நுனிகளில் தொப்பி தொப்பியாக வைத்தாள். வைத்த மருதாணி கலைந்துவிடுமே என்று எந்தக் கையும் தானாக விரியும். அந்தக் கையும் விரிந்தது! உடனே இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முழங்கையைத் தாங்கி அவளை ஓரமாக உட்கார்த்தினார்கள். கதவுகள் சரசரவென்று சுவருக்கு ஓடின. சர்க்கரை உள்ளே போயிற்று, தெரு தெளிந்தது. மருதாணி காய்ந்து உதிர்ந்ததும் பிடியரசி எழுந்தாள், கதவுகளை இழுத்தாள், மாடிக்குக் குரல் கொடுத்தாள்: "உனக்கு இருக்கா?"

"இருக்குடி" என்றது மூளை.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான், இன்றும் நாம் சாப்பிட்டுக் கைகழுவியதும் இன்சுலின் வாசலில் வந்து மணி அடிக்க, தசையின் கதவுகள் சுவருக்கு வந்து நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே போகின்றன; மூளையோ எந்த மணிக்கும் காத்திராமல் சாப்பிடுகிறது.