சாக்பீஸ் ஆய்வகம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஏராளம். சீடர் என்று சொன்னால் ஒருவர்தான், காதர் மைதீன். வயது நாற்பத்தெட்டு, உயிர்மருத்துவப் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியர். குரு, துறைத்தலைவர் அமலோற்பவம். சீடரைவிட நாலு வயது சின்னவர். அதற்காக இருவருமே வருத்தப்பட்டதில்லை.

காதருக்கு ஒரே ஒரு ஆசை. மனைவி ஜொகராவிடம் முறையாக ஒரு திட்டு வாங்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோய் வந்து ஜொகராவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். டார்ச் லைட் அளவுள்ள கருவி ஒன்றைத் தொண்டையில் அழுத்தித்தான் இப்போது பேசுகிறாள். வார்த்தை வரும், ஏற்ற இறக்கம் வராது. 'தண்ணி குடிங்க' என்பதும் 'நாசமாப் போங்க' என்பதும் ரைஸ் மில் மோட்டார் மாதிரி ஒரே ரீங்காரம். முன்பெல்லாம் 'ஏங்க' என்று அவள் கூப்பிடுவதிலேயே ஏழு விதம் உண்டு. ஐந்தாவது விதம் கேட்டால் காதர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த ஏழு விதத்தையும் பேசும் கருவி செய்ய அவருக்கு வழி தெரியும். செய்யத்தான் இடமில்லை. துறைக்கு இருந்தது ஒரு அறை, நாலு மேஜை, தானே மூச்சுவிடாத ஒரு வென்டிலேட்டர்.

அப்போதுதான் செய்தி வந்தது. துறையை விரிவாக்க அரசு நிதி தரப்போகிறது. முப்பது மாணவர்கள் நூற்றிருபது ஆவார்கள், புது ஆய்வகம் வரும். அதற்குமுன் குழு ஒன்று வந்து பார்வையிடும்.

அந்த வளாகத்தில் ஒரு வழக்கம். குழு வருகிறது என்றால் கருவிகளுக்குக் கால் முளைத்துவிடும். கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் போவதுபோல ஒரு துறையின் கருவி இன்னொரு துறைக்குப் போய் நிற்கும்.

காதரும் இரவல் கேட்கப் போனார்.

இயற்பியல் தலைவர் மூக்கால் பேசுகிறவர். "எடுத்துட்டுப் போங்க மைதீன். சுவிட்சை மட்டும் போட்டுடாதீங்க. ஓடலைன்னு தெரிஞ்சிடும்."

இயந்திரவியல் தலைவர் நாலு அறைக்குக் கேட்கப் பேசுகிறவர். "எங்க துறை ஸ்டிக்கரை மறக்காமக் கிழிச்சிரும்வே. போன தடவை அதுலதான் மாட்டுனோம்."

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் அறை நிரம்பிவிட்டது. அமலோற்பவம் வாசலில் நின்று பார்த்தார்.

"எப்படி இருக்கு மேடம்?"

"நிறைவா இருக்கு. நாளைக்கு வர்றவங்ககிட்ட என்ன கேக்கப் போறீங்க?"

"ஆய்வகம்தான்."

"அப்ப இது என்ன?"

காதர் தள்ளுவண்டியைத் தேடிக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது, அமலோற்பவம் தரையில் மண்டியிட்டுச் சாக்பீஸால் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தார். வரவேண்டிய கருவியின் பெயர் ஒவ்வொன்றுக்குள்ளும். நடுக்கட்டத்தில் பெயரில்லை, ஒரு நாற்காலி இருந்தது.

"இது யாருக்கு மேடம்?"

"காலைல உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் குழு வந்தது. குழுவின் தலைவர், சிறுமிகள் பாண்டி ஆடுவதுபோலக் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார். கட்டத்துக்கு ஒரு தடவை, "ம்ம். நோட் பண்ணுங்க" என்றார். பின்னால் வந்த நாலு பேரும் நோட் பண்ணினார்கள்.

நாற்காலிக்கு முன்னால் நின்றார். அதில் ஜொகரா உட்கார்ந்திருந்தாள்.

"இந்த இடத்துல என்ன வரும்?"

அவள் கருவியைத் தொண்டையில் வைத்தாள். "நான்."

"என்னம்மா?"

"ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

அவர் குழம்பிப்போனார். அக்கறையாகச் சொல்கிறாளா, கிளம்பச் சொல்கிறாளா? காதரைப் பார்த்தார்.

காதர் கையை விரித்தார். "எனக்கும் தெரியாது சார்."

இந்தத் தடவை அவர் யாரையும் நோட் பண்ணச் சொல்லவில்லை.

நிதி ஒதுக்கியாயிற்று என்று ஒரு மாதத்தில் பேப்பரில் வந்தது. துறையில் லட்டு கொடுத்தார்கள். ஆணைதான் வரவில்லை. போன் பண்ணிக் கேட்டால் ஒரு கொட்டாவிக்குப் பிறகு, "மூவ் ஆகிட்டிருக்கு சார்" என்று பதில் வரும்.

கோடுகளும் மூவ் ஆகிக்கொண்டிருந்தன. பெருக்குகிற அம்மா மாலையில் அழித்துவிடுவார். காதர் காலையில் மண்டியிட்டு மறுபடி வரைவார். ஐந்து வேளை தொழுது பழகிய முழங்கால்தான், அதுவும் வலிக்க ஆரம்பித்தது. ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்ததும் வந்தது.

ஒருநாள் பாதிக் கட்டத்தில் எழுந்துவிட்டார்.

"மேடம், இன்னும் எத்தனை நாள் வரையறது?"

சென்னைக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அமலோற்பவம் நிமிரவில்லை.

"இன்னைக்குக் கிளம்பும்போது வீட்ல என்ன சொன்னாங்க?"

"சீக்கிரம் வாங்கன்னு சொன்னா."

"கோபமாவா, ஆசையாவா?"

காதர் யோசித்தார். தெருமுனை வரை வந்தவர் மறுபடி வீட்டுவாசலுக்கே போய் நின்று கேட்பதுபோல யோசித்தார்.

"தெரியலையே மேடம்."

அமலோற்பவம் மேஜை டிராயரைத் திறந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அப்ப வரையுங்க."