பரஞ்சோதி கேட்ட விளக்கம்

கொக்கலூர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பிறவி முட்டாள்கள் அல்ல. அப்படி ஆவதற்கு அவர்களுக்கு முழுதாக ஆறு வருடம் பிடித்தது.

தலைமையாசிரியர் பரஞ்சோதி வந்த அன்றே சொல்லிவிட்டார்: "யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன். நீங்க சொன்னதைச் செஞ்சாப் போதும்." வாரத்துக்கு இரண்டு சுற்றறிக்கை போட்டார். சொல்லாததைச் செய்தவர்களுக்கு மெமோ கொடுத்தார். மழை வருகிறதே என்று பிள்ளைகளை மைதானத்திலிருந்து உள்ளே கூட்டிவந்த கணக்கு வாத்தியார் அம்பலவாணனுக்கும் ஒரு மெமோ. அதன் பிறகு அந்தப் பள்ளியில் மழை பெய்தால் எல்லோரும் ஒழுங்காக நனைந்தார்கள்.

அன்று பதினோரு மணிக்கு மேலதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. அவர் நாலு நல்ல வார்த்தை எழுதினால் பரஞ்சோதிக்குப் பதவி உயர்வு நிச்சயம். மனிதர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ கோப்பு எடுக்கப் பதிவேட்டு அறைக்குள் போனார்.

அந்தப் பக்கமாக டிரில் மாஸ்டர் தேவசகாயம் வந்தார். பூட்டாத கதவைக் கண்டால் உடனே பூட்ட வேண்டும், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது சுற்றறிக்கை. அவர் எட்டிப் பார்க்கவில்லை. கதவிலேயே இருந்த சாவியால் பூட்டினார். சாவியை அலுவலக ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

உள்ளேயிருந்து கதவு தடதடத்தது. ஆசிரியர்கள் கூடினார்கள்.

"யோவ், கதவைத் திறங்கய்யா!"

"திறந்துடலாம் சார்," என்றார் அம்பலவாணன். "சாவியை எடுக்கணும்னா சாவிப் பதிவேட்டுல நீங்க கையெழுத்துப் போடணும்."

"சரி, அதைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழையும், பதிவேடு நுழையாது.

"அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு உள்ள தள்ளுவோமா?" என்றார் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்த தேவசகாயம்.

தமிழாசிரியை செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பதிவேட்டைக் கிழிச்சா பதினேழாம் நம்பர் மெமோ. உங்களுக்குக் குடும்பம் இருக்கு சார்."

"நான் சொல்றேன், திறங்க!" என்று உள்ளேயிருந்து அலறல்.

"வாயால சொன்னா செல்லாதுன்னு நீங்கதானே சார் எழுதிப் போட்டீங்க," என்றார் அம்பலவாணன், மிகுந்த மரியாதையோடு.

இந்த லட்சணத்தில் மேலதிகாரியின் ஜீப் வந்துவிட்டது.

"ஹெட்மாஸ்டர் எங்கே?" என்றார் அவர்.

பள்ளி விஷயத்தை வெளியாரிடம் தலைமையாசிரியர் மட்டுமே பேச வேண்டும் என்பது இன்னொரு சுற்றறிக்கை.

"அதை ஹெட்மாஸ்டர்தான் சார் சொல்லணும்," என்றார் செண்பகவல்லி.

"அவரைத்தானே தேடுறேன்? அங்கே என்ன சத்தம்?"

"அதையும் அவர்தான் சொல்லணும் சார்."

அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூவரும் அடக்கமாக நின்றார்கள். பரஞ்சோதி பழக்கியதில் குறையே சொல்ல முடியாது. 'தலைமையாசிரியர் பணியில் இல்லை' என்று எழுதிவைத்துவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கிளம்பும் சத்தம் பரஞ்சோதியின் காதில் விழுந்தது. பதவி உயர்வும் அதிலேயே ஏறிப் போனது. வந்த ஆத்திரத்தில் கதவை ஒரே உதையில் பிளந்துகொண்டு வெளியே வந்தார். புதுச்சட்டையின் ஒரு கை உள்ளேயே தங்கிவிட்டது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு வராமலும் இல்லை.

அம்பலவாணன் ஒரு தாளை நீட்டினார்.

"என்னய்யா இது?"

"மெமோ சார். பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தினவங்ககிட்ட அன்னைக்கே விளக்கம் கேக்கணுமே. நீங்க கையெழுத்துப் போட்டா உங்களுக்குக் கொடுத்துடலாம்."

பரஞ்சோதி தாளைப் பார்த்தார். ஆறு வருடப் பழக்கம், கை தானாகப் பேனாவை எடுத்தது. கையெழுத்துப் போட்டு, மெமோவைத் தானே பெற்றுக்கொண்டு, தன் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று பக்கத்துக்கு உருக்கமாக விளக்கம் எழுதினார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதை முதலிலிருந்து படித்தார்.

படித்து முடித்ததும் ஓரத்தில், 'விளக்கம் ஏற்கும்படியாக இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.